ஊர்க்காரருக்கு ஒரு நாற்காலி

(மேல்மலையனூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் நாட்டில் ஒரு பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ பார்மசி கல்லூரியோ எலி, முயல், ஆடு என எதன்மேல் சோதனை நடத்துவதானாலும், முதலில் மத்திய அரசின் விலங்குச் சோதனைக் கட்டுப்பாட்டுக் குழுவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு விலங்கு நெறிக்குழுவை அமைக்க வேண்டும். எலி, முயல் போன்ற சிறு விலங்குகள் என்றால் அந்த நெறிக்குழுவே அனுமதி தரும். நாய், மாடு, குரங்கு போன்ற பெரிய விலங்குகள் என்றால் கோப்பு தில்லிக்குப் போகும். குழுவில் எட்டுப் பேர். உயிரியல் அறிஞர் ஒருவர், வேறு உயிரியல் துறைகளிலிருந்து இருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், விலங்குக் கூடத்தின் பொறுப்பாளர், வெளி நிறுவனத்து அறிஞர் ஒருவர், மத்தியக் குழுவின் பிரதிநிதி ஒருவர். ஏழு பேர் ஆயிற்று. எட்டாவது நாற்காலி, விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கு உரியது. இன்றைய பேச்சு அந்த எட்டாவது நாற்காலியைப் பற்றியது. மற்ற ஏழு பேராலும் செய்ய முடியாத ஒரு வேலை அதற்கு இருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்ய நம் விதிகள் அதற்குத் தந்திருக்கும் இடம் போதாது. அதில் உட்காரத் தகுந்தவர்கள் நகரத்து விலங்குநல அமைப்புகளில் மட்டும் இல்லை. ஆடு மாடுகளோடு பிழைக்கும் இந்த வட்டாரத்திலும் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு ஆதாரம் காட்டுவதும், எதிர்த்துச் சொல்லக் கூடியவற்றுக்குப் பதில் சொல்வதும் மீதிப் பேச்சு.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதைக்கு எதிராக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னபின் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த உறுதியின் விளைவுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதன் கீழ் 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு ருக்மிணி தேவியே முதல் தலைவர். 2018 வரை அந்த வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. இந்தச் சட்டம் அறிவியல் சோதனையைத் தடை செய்யவில்லை. புதிய அறிவுக்காகவும், உயிரைக் காக்கவும், துன்பத்தைத் தணிக்கவும், மனிதர், விலங்கு, பயிர் ஆகியவற்றின் நோய்களை எதிர்க்கவும் நடக்கும் சோதனைகள் குற்றமாகா என்று 14-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. தெருவில் ஒருவன் நாய்மேல் வெந்நீரை ஊற்றினால் குற்றம். அதற்குச் சமமான வலி ஆய்வுக்கூடத்தில், அனுமதியோடு, ஒரு கேள்விக்கு விடை தேடி நிகழ்ந்தால் குற்றமில்லை. இந்த வேறுபாட்டுக்கு ஒரே நியாயம், அதனால் வரும் பயன் பொதுமக்களுக்கு என்பது. ஆக, விலக்கு பொதுமக்களின் பெயரால் தரப்பட்டிருக்கிறது. யார் பெயரைச் சொல்லி அனுமதி வாங்குகிறார்களோ அவர்களில் ஒருவராவது அந்த அறையில் இருந்து, இந்தப் பயன் எங்களுக்கு வேண்டியதுதானா, இந்த வலி அதற்குத் தகுமா என்று கேட்க வேண்டும் அல்லவா?

இன்னொரு காரணமும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மத்தியக் குழுவின் உத்தரவை மீறினாலோ, அது விதித்த நிபந்தனையை உடைத்தாலோ 20-ஆம் பிரிவின்படி அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அமாவாசை இரவில் இந்த ஊர் அங்காளம்மன் கோயிலுக்கு வரும் ஒரு குடும்பம் டீக்கும் இட்லிக்கும் செலவழிக்கும் தொகைகூட வராது. தண்டனை இப்படி இருக்கையில், சோதனை முடிந்தபின் பிடித்து நிறுத்துவது பேச்சளவில்தான். உண்மையான கட்டுப்பாடு சோதனைக்கு முன்னால், நெறிக்குழு உட்காரும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

அங்கே வரும் ஒரு திட்டத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். நம் கல்லூரிகளில் அடிக்கடி வருவது, ஏதோ ஒரு மூலிகைச் சாறு சர்க்கரை நோய்க்குப் பயன்படுமா என்ற ஆய்வு. வழக்கமான அமைப்பு இது: ஆறு எலிகள் கொண்ட ஐந்து தொகுதிகள், மொத்தம் 30 வெள்ளெலிகள். ஒரு தொகுதியை விட்டு மற்றவற்றுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். எலிக்குச் சர்க்கரை ஏறும். ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் கழிக்கும், உடல் இளைக்கும். மூன்று நான்கு வாரம் தினமும் வாய்வழிக் குழாய் விட்டு இரைப்பைக்குள் சாற்றை இறக்குவார்கள். இடையிடையே இரத்தம் எடுப்பார்கள். கடைசி நாளில் கொன்று கணையத்தையும் கல்லீரலையும் எடுத்துப் பார்ப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் இதெல்லாம் முறையாகவே எழுதியிருக்கும். ஏன் விலங்கு வேண்டும், ஏன் இந்த இனம், ஏன் இத்தனை, வலி தணிக்க என்ன ஏற்பாடு, கடைசியில் எப்படிக் கொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. கட்டங்களை நிரப்புவது எளிது. சென்ற ஆண்டு மாணவரின் படிவத்திலிருந்து எடுத்து எழுதினாலும் நிரம்பிவிடும். அப்படி எடுத்து எழுதியதைக் கண்டுபிடிப்பது துறை அறிஞருக்குக் கடினமில்லை. கடினம், அதைச் சொல்வது. இன்று சக பேராசிரியரின் மாணவர் திட்டம் மேசையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் தன் மாணவரின் திட்டம் அதே மேசைக்கு வரும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் பழக்கம், அவ்வளவுதான். எட்டாவது நாற்காலிக்காரருக்கு அந்த அறையில் எந்தத் திட்டமும் நிலுவையில் இல்லை, பதவி உயர்வு இல்லை, வழிகாட்ட மாணவரும் இல்லை. அவரது பலம் இரக்கம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இரக்கம் மற்றவர்களுக்கும் உண்டு. கொடுக்கல் வாங்கலுக்கு வெளியே இருப்பதுதான் அவருக்கு மட்டும் உள்ள பலம்.

அவர் கேட்கக் கூடியது என்ன? மாடு வைத்திருக்கும் எவரும் கேட்கும் கேள்விதான். இந்த எலி ஓயாமல் சிறுநீர் கழிக்கும் என்கிறீர்கள், அடியில் போட்ட உமியை வாரம் எத்தனை முறை மாற்றுவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை யார் தண்ணீர் வைப்பது? பொங்கலுக்குக் கல்லூரி மூடினால் குழாய் விட்டு மருந்து இறக்குவது யார், பழகிய கையா புதுக் கையா? மூன்றாவது வாரத்தில் ஓர் எலி எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், ஆய்வு முடியட்டும் என்று விட்டுவைப்பீர்களா, அன்றே முடித்து வைப்பீர்களா, அதைத் தீர்மானிப்பது யார்? இவற்றில் ஒன்றுக்கும் பட்டப்படிப்பு வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றும் ஆய்வின் தரத்தையே தொடுகிறது. நனைந்த உமியில் கிடந்த எலியின் இரத்தச் சர்க்கரை அளவும், வறண்ட உமியில் இருந்த எலியின் அளவும் ஒன்றாக இருக்குமா என்பது அறிவியல் கேள்வியும்கூட.

இப்போது நம் விதி இந்த நாற்காலிக்கு என்ன இடம் தந்திருக்கிறது என்று பாருங்கள். மத்தியக் குழுவின் பிரதிநிதி, அல்லது அவருக்கு மாற்றாக நியமிக்கப்பட்டவர், இல்லாமல் கூட்டமே நடக்கக் கூடாது. அது சரியான விதி. விஞ்ஞானி அல்லாதவரைப் பொறுத்தவரை வழிகாட்டியில் உள்ள கட்டாயம் வேறு மாதிரி: தில்லிக்கு அனுப்ப வேண்டிய திட்டங்கள் வரும்போது இருக்க வேண்டும், மற்றபடி ஆண்டுக்கு ஒரு கூட்டத்துக்காவது வர வேண்டும். எலி, சுண்டெலி, முயல் என்று பல்கலைக்கழகங்களில் அன்றாடம் நடப்பது முழுக்க முழுக்க அவர் இல்லாமலே அனுமதி பெற்றுவிடலாம். மனிதர்மேல் மருந்துப் பரிசோதனை நடத்துவதற்கான 2019-ஆம் ஆண்டு விதிகளை இதன் பக்கத்தில் வையுங்கள். அங்கே நெறிக்குழு முடிவெடுக்கக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். அந்த ஐவரில் மருத்துவ அறிஞர், சிகிச்சை மருத்துவர், சட்ட வல்லுநர், சமூக அறிவியலாளர் போன்ற ஒருவர், கடைசியாக ஒரு சாதாரணக் குடிமகன். சாதாரணக் குடிமகன் வரவில்லை என்றால் முடிவு இல்லை. இத்தனைக்கும் அங்கே சோதனைக்கு உட்படும் மனிதருக்கு வாய் உண்டு. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மறுக்கலாம், பாதியில் எழுந்து போகலாம், வழக்குப் போடலாம். எலிக்கு இந்த மூன்றும் இல்லை. மறுக்க முடிந்தவர் விஷயத்தில் வெளியாள் ஒருவர் ஒவ்வொரு முறையும் தேவை, மறுக்க முடியாததன் விஷயத்தில் ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்பதற்கு எந்தத் தர்க்கமும் எனக்குப் புலப்படவில்லை.

முதல் எதிர்வாதம், அறியாமை. கணையச் செல்லையும் மரபணுவையும் அறியாதவர் ஒரு திட்டத்தை எப்படி எடைபோடுவார்? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: அறிந்தவர்கள் உட்கார்ந்தால் எடை சரியாக இருக்கும் என்பது. 2001-இல் ‘சயன்ஸ்’ இதழில் பிளவுஸ், ஹெர்சாக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் 50 விலங்கு நெறிக்குழுக்கள் ஏற்கெனவே முடிவு சொன்ன 150 திட்டங்களை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மறைத்து, வேறு குழுக்களிடம் கொடுத்தார்கள். இரண்டு குழுக்களின் முடிவுகளுக்கும் இடையே இருந்த ஒற்றுமை, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவெடுத்தால் வரக் கூடியதைவிட மேலாக இல்லை. இதிலிருந்து படிக்காதவர் மேல் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அந்தக் குழுக்களிலும் வெளியாள் ஒருவர் இருந்திருப்பார். அது காட்டுவது வேறு: பயனையும் வலியையும் தராசின் இரு தட்டில் வைப்பது துறை அறிவால் மட்டும் தீர்ந்துபோகிற கணக்கு இல்லை. அது மதிப்பீடு. மதிப்பீடு என்று ஆனபின், அதில் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களின் மதிப்பை மட்டும் சேர்ப்பது ஏன் என்று கேட்க உரிமை வந்துவிடுகிறது. தவிர, விளங்காத திட்டத்தை விளங்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதித்தாருங்கள் என்று கேட்பது அறியாமையின் பயன்களில் ஒன்று. தன் ஆய்வு எதற்கு என்று மல்லாட்டை போடும் விவசாயிக்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுத முடியாத ஆய்வாளர், பெரும்பாலும் தனக்கே அதை விளக்கிக்கொள்ளாதவர்.

வெளியாள் வந்தால் எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பார் என்ற அச்சம் ஆய்வாளர்களிடம் உண்டு. செஞ்சி வட்டாரத்தை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். அங்காளம்மன் கோயில் புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் ஊர் இது. அதே ஊரில் இரவு தண்ணீர் பாய்ச்சப் போனவர் வரப்பில் கண்ணாடி விரியனை மிதிப்பதும் உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்துச் சாவு. பாம்பு கடித்தவர்களுக்கு இருக்கும் ஒரே உறுதியான மருந்து நஞ்சுமுறி ஊசி. அது எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுக்கிறார்கள். பாம்பை மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறுகச் சிறுக அளவைக் கூட்டிக் குதிரைகளுக்கு ஊசி போடுகிறார்கள். குதிரையின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்து, அதன் தெளிந்த நீரைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு தொகுப்பிலும் சுண்டெலிகளுக்கு நஞ்சையும் மருந்தையும் சேர்த்துச் செலுத்திப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்க வேண்டும் என்பது அளவு. எத்தனை சுண்டெலி பிழைத்தன, எத்தனை செத்தன என்ற எண்ணிக்கையே விடை.

இப்படிப்பட்ட திட்டம் ஒரு குழுவின்முன் வந்தால் மேல்மலையனூர்க்காரர் ஒருவர் குறுக்கே நிற்பார் என்று நினைக்கிறீர்களா? அந்த ஊசியின் பயனை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனாலேயே அவர் கேட்கும் கேள்விக்கு எடை கூடும். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் வைத்தால் என்ன செய்கிறீர்கள்? ஒரு குதிரையிடமிருந்து மாதத்துக்கு எவ்வளவு இரத்தம், சோகை பிடித்ததா என்று எப்போது பார்க்கிறீர்கள்? சிவப்பணுவைத் திரும்பச் செலுத்துகிறீர்களா? வயதான குதிரை எங்கே போகிறது? சுண்டெலிக்கு வலிமருந்து கொடுத்தால் கணக்கு மாறுமா, மாறும் என்றால் சோதித்துப் பார்த்தீர்களா? தேசிங்கு ராஜன் கதையைக் குதிரையோடு சேர்த்தே பாடும் வட்டாரம் இது. குதிரையைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பஞ்சம் வராது. ஆய்வை மறுப்பவர், ஆய்வை வணங்குபவர் என்ற இரண்டு கட்சிக்கு நடுவே, பயனும் வேண்டும், அதற்குக் கொடுக்கும் விலையும் தெரிய வேண்டும் என்று நிற்பவரே இந்த நாற்காலிக்கு ஏற்றவர்.

பயனைப் பற்றிய கேள்வி சில நேரம் இன்னும் ஆழமாகப் போகும். கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கலந்து குடிப்பது இங்கே வரப்போரத்து வைத்தியம். ஹெபடைடிஸ்-பி வைரசைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கின் குழு, கீழாநெல்லி இனத்துச் செடியின் சாற்றை, வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் உட்சக் என்ற விலங்கில் சோதித்து 1987-இல் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டது. அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரசின் அடையாளம் மறைந்தது, மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என்று ‘லான்செட்’ இதழில் எழுதியது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த பரிசோதனைகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. இதில் யார்மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிவியல் இப்படித்தான் நடக்கும். ஆனால் இந்த வரலாறு தெரிந்தபின், இன்று கீழாநெல்லிச் சாற்றை எலியின் கல்லீரலில் சோதிக்க இன்னொரு முதுகலைத் திட்டம் வந்தால், கேட்க வேண்டியது எத்தனை எலி என்பது அல்ல. மனிதரிடமே சோதித்து முடிவு இரு பக்கமும் இழுபடும் ஒரு செடியைப் பற்றி 30 எலிகள் புதிதாக என்ன சொல்லப் போகின்றன என்பதுதான். பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு வேண்டும், எலி மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மையான விடையாக இருந்தால், 14-ஆம் பிரிவு தரும் விலக்கு அதற்குப் பொருந்தாது. அதை அறைக்குள் உரக்கச் சொல்ல, மருந்தியல் துறையில் பிழைப்பு இல்லாத ஒருவர் வேண்டும்.

அடுத்த எதிர்வாதம் இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் மனத்திலேயே ஓடும். கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறவர்கள், மயானக் கொள்ளைத் திருவிழாவில் கோழியைப் பலிகொடுக்கிறவர்கள் எலிக்காக வாதாடினால் ஊர் சிரிக்காதா? தமிழ்நாடு இந்த வாதத்தை நன்றாகவே பார்த்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டம் அரை நூற்றாண்டு ஏட்டிலேயே கிடந்தது. 2003-இல் அதை நடைமுறைப்படுத்த அரசு உத்தரவிட்டது. கிராமத்துக் கோயில்களில் எதிர்ப்புக் கிளம்பியது. 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. மத்தியச் சட்டமும் மத வழக்கப்படி கொல்வதை 28-ஆம் பிரிவில் விலக்கி வைத்திருக்கிறது. பலி சரியா தவறா என்பது தனி விவாதம். அதில் எனக்குக் கருத்து உண்டு, இங்கே அதற்கு இடமில்லை. நாற்காலிக்குப் பொருத்தமானது இதுதான்: கிடாவை வளர்த்தவர்களுக்கு, சாவு வேறு, வதை வேறு என்பது கைப்பழக்கமாகத் தெரியும். கத்தி மழுங்கியிருந்தால் திட்டுவார்கள். வெயிலில் கட்டிப்போட்டுத் தண்ணீர் காட்டாமல் விட்டவனைப் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள். நெறிக்குழு எடைபோட வேண்டியது சரியாக இந்த வேறுபாட்டைத்தான். எந்த உயிரையும் தொடவே கூடாது என்று நம்புபவரும் குழுவில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அவருக்கு ஒரு நாள் வலியும் 30 நாள் வலியும் சமமாகவே தவறு; ஆகவே குறைப்பதற்கான பேரத்தில் அவர் கை கட்டப்பட்டுவிடுகிறது. கறி சாப்பிடுகிறவருக்கு இந்த நாற்காலியில் உட்காரத் தார்மிக உரிமை இல்லை என்பவர்கள், அந்த உரிமையை மற்ற ஏழு பேரிடம் ஏன் கேட்பதில்லை என்றும் சொல்ல வேண்டும்.

துறைக்கு உள்ளே இருப்பவர்களே காலப்போக்கில் திருத்திக்கொள்வார்கள், வெளியாள் எதற்கு என்றும் சொல்வதுண்டு. இதற்கு வரலாறு கலவையான விடையே தருகிறது. பாடநூல், மாதிரி, திரைப்படம் போன்றவை போதுமான இடங்களில், எடுத்துக்காட்டாக மருத்துவக் கல்லூரிகளில், விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டுச் சட்டமே 17-ஆம் பிரிவில் எழுதிவிட்டது. ரஸ்ஸலும் பர்ச்சும் இங்கிலாந்தில் தங்கள் நூலில் மாற்று, குறைப்பு, வலி தணிப்பு என்ற மூன்று நெறிகளை வகுத்தது அதற்கு ஓராண்டு முன்னால், 1959-இல். அப்படியும் விலங்கியல் வகுப்பு மேசையில் தவளையை அறுப்பது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014-இல்தான் முற்றாக நிறுத்தச் சொன்னது. அந்த மாற்றத்துக்கு வெளியிலிருந்து விலங்குநலக்காரர்கள் தள்ளினார்கள். உள்ளிருந்து சில விலங்கியல் பேராசிரியர்களும் தள்ளினார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009-இல் தொடங்கிய மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையத்தின் பணி அதில் சேர்த்தி. உள்ளே மனசாட்சி இல்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் மனசாட்சிக்குத் துணை இல்லாதபோது அரை நூற்றாண்டு ஆகிறது என்கிறேன்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பதில் கற்க நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது நியூசிலாந்து வழி. அங்கே 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு விலங்கு நெறிக்குழுவிலும் உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் ஒருவர் இருக்க வேண்டும். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் நியமிப்பவர் வேறு, கால்நடை மருத்துவர் சங்கம் நியமிப்பவர் வேறு. ஆஸ்திரேலியாவில் விலங்குநல ஆர்வலரும் பொதுமக்களில் ஒருவரும் சேர்ந்து குழுவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். சுவீடனில் நீதிபதி தலைமையில் பாதிப் பேர் பொதுமக்கள். இங்கே நம்முடையவரை நியமிப்பது தில்லி. தில்லி நியமிப்பதில் ஒரு நன்மை உண்டு: பல்கலைக்கழகம் தனக்கு வேண்டிய ஆளைப் போட்டுக்கொள்ள முடியாது. அந்த நன்மையை இழக்காமலே, இரண்டாவது நாற்காலி ஒன்றைப் போட்டு, அதற்கு ஆளை அந்த மாவட்டத்து ஊராட்சி ஒன்றியங்களோ நகராட்சிகளோ பரிந்துரைக்கச் செய்யலாம். ஒருவராக இருந்தால் மௌனமாகிவிடுவார். எட்டுப் பேரில் தனியாளாய்க் கை தூக்குவது எளிதில்லை. இருவர் என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டாவது கேட்பார்கள். கட்சிக்காரர்களின் மச்சான்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பீர்கள். வரலாம். வராமலிருக்கத் தகுதியை விதியிலேயே எழுதலாம்: கால்நடை வளர்த்த அனுபவம், அந்த நிறுவனத்தோடு சம்பளமோ ஒப்பந்தமோ இல்லாமை, பதவியில் இருப்பவராக இல்லாமை.

தாமதம் ஆகும் என்ற குறை உண்மையானதே. மாணவருக்கு ஒரு மாதம் என்பது சிறிய இழப்பு இல்லை. ஆனால் இந்தக் கேள்விகள் பணமும் எலியும் செலவாவதற்கு முன்னால் வருகின்றன. பதில் தெரிந்தவருக்கு அவை பத்து நிமிடம். கம்பெனி இரகசியம் வெளியே போய்விடும் என்ற குறைக்கு, மற்ற ஏழு பேர் தருவது போன்ற இரகசியக் காப்பு உறுதியை அவரும் எழுதித் தந்தால் போதும். இரகசியம் இல்லாத பகுதியைப் பற்றி எனக்கு எதிர்ப்பக்கக் குறை உண்டு: அரசுப் பல்கலைக்கழகங்கள் எந்த விலங்கு, எத்தனை, எதற்காக, கடைசியில் என்ன ஆயிற்று என்பதை ஆண்டுக்கு ஒரு முறை தமிழில் தாங்களே வெளியிடலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது ஒளிப்பதற்கு ஏதோ இருப்பது போன்ற தோற்றத்தைத்தான் தருகிறது.

இவையெல்லாம் நடந்தாலும் மிஞ்சும் கேள்வி மிகச் சாதாரணமானது: கூலி வேலைக்குப் போகிறவரோ பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவரோ ஒரு நாளை விட்டுவிட்டு எப்படி வருவார்? இதை ஏற்பாட்டில்தான் தீர்க்க வேண்டும். அமர்வுப் படி ஒரு நாள் கூலியை ஈடுகட்ட வேண்டும், அன்றே கையில் தரப்பட வேண்டும். திட்டங்களின் தமிழ்ச் சுருக்கம் இரண்டு வாரம் முன்பே வீடு வந்து சேர வேண்டும். கூட்டம் காலை ஒன்பது மணிக்கு என்றால் இங்கிருந்து செஞ்சி போய், பேருந்து மாறி விழுப்புரமோ புதுச்சேரியோ போய்ச் சேர்வது நடக்காத காரியம். பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கலாம். கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் விலங்குக் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வழி செய்ய வேண்டும். படிவத்தில் எழுதியதும் கூண்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று மாட்டுக் கொட்டகை பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவர் மறுத்தால், மறுத்ததையும் காரணத்தையும் நடவடிக்கைக் குறிப்பில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். ஒரு பதவிக்காலம் முடிந்ததும் அவரையே நீட்டிக்காமல் வேறு ஊரிலிருந்து வேறு ஒருவரை அழைக்க வேண்டும். நீண்ட நாள் உட்கார்ந்தால் அவரும் அந்த ஏழு பேரில் ஒருவராகிவிடுவார்.